ஷாக் அடித்த இடத்தில் ஒரு புள்ளி, உள்ளே என்ன?

கரண்ட் சுட்ட காயம் மற்ற தீக்காயம் மாதிரி இல்லை. கொதிக்கிற எண்ணெய் தெறித்தால் முதலில் வேகுவது தோல். உள்ளே போகப் போகச் சேதம் குறையும். மின்சாரத்தில் இது தலைகீழ். தோலில் ஒரு சின்ன இடத்தில் நுழைந்து, நரம்பு, ரத்தக்குழாய், தசை வழியாக ஓடி, வேறோர் இடத்தில் வெளியேறும். எலும்பு மின்சாரத்தை எளிதில் விடாது, அதனால் சூடேறும். அந்தச் சூட்டில் எலும்பை ஒட்டிய தசைதான் முதலில் வேகும். உள்ளங்கையில் மிளகளவு கருப்புப் புள்ளி, குதிகாலில் இன்னொன்று, நடுவில் முழங்கை வரை தசை செத்துப்போயிருக்கும். தோல் மட்டும் நல்லபடியாகத் தெரியும். உயர் அழுத்த மின்சாரத்தில் இது அபூர்வம் அல்ல. உடலில் எத்தனை சதவீதம் வெந்திருக்கிறது என்ற வழக்கமான கணக்கு இங்கே உதவாது.

மின்னல் வேறு விதமாக ஏமாற்றும். உயிர் போய்விட்டது என்று ஊரே விலகி நிற்கிற ஆளை அது விட்டுவைத்திருக்கும்.

ஈரம் செய்கிற வேலை

வீட்டுக்கு வருவது 230 வோல்ட். காய்ந்த, தடித்த தோலின் தடை ஒரு லட்சம் ஓம் வரை இருக்கும். வகுத்துப் பார்த்தால் 2.3 மில்லி ஆம்பியர்தான் ஓடும். சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். அதே கை நனைந்திருந்தால் தடை ஆயிரம் ஓமுக்கு இறங்கிவிடும். இப்போது ஓடுவது 230 மில்லி ஆம்பியர். பத்து பதினைந்திலேயே பிடித்த கையை விட முடியாது. இருபதைத் தாண்டினால் மூச்சுத் தசைகள் இறுகும். ஐம்பது முதல் நூறு வரை போனால் இதயத்தின் துடிப்பு சிதறி வெறும் நடுக்கமாகிவிடும். "போன வாரம்கூட இதே மோட்டாரில் அடிச்சது, ஒண்ணும் ஆகல" என்று சொல்பவரை அன்று காப்பாற்றியது காய்ந்த தரையும் ரப்பர் செருப்பும்தான்.

வடசென்னையில் ஈரமும் கரண்டும் சந்திக்கிற இடங்கள் ஏராளம். பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் மாடிப்படிக்கு அடியில் நாலு குடும்பத்து மீட்டரும் ஒரே பலகையில் தொங்கும், பக்கத்திலேயே சம்ப் மூடி. காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற இயந்திரத்தைச் சுற்றிக் காலை மூன்று மணிக்கே உப்புத்தண்ணீர். புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் மழைநீர் முழங்கால் வரை நிற்க, ஓரத்தில் தெருவுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பில்லர் பாக்ஸ் பாதி முங்கியிருக்கும். 2017 நவம்பர் முதல் தேதி கொடுங்கையூரில் தேங்கிய தண்ணீரில் கிடந்த மின்கம்பி இரண்டு சிறுமிகளின் உயிரைக் குடித்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பில்லர் பாக்ஸ் கதவு திறந்து கிடந்தாலோ, தண்ணீரில் நின்றாலோ மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். லைன்மேன் வருகிற வரை அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "எங்க வீட்டுல எம்.சி.பி. இருக்கு, ஷாக் அடிச்சா விழுந்துடும்" என்பது தவறு. எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்ற வந்தது. 6 அல்லது 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் அசையும். ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். உயிரைக் காப்பது, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. அதில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்த வேண்டும். அழுத்தியும் விழாவிட்டால் எலெக்ட்ரீஷியனை அன்றே கூப்பிடுங்கள்.

இழுத்துப் பிடித்தவரை எடுப்பது

"கரண்ட் இழுத்துக்கிச்சு" என்கிறோம். உண்மையில் இழுப்பது கரண்ட் அல்ல, அவருடைய கையே. விரலை மடக்கும் தசைகள் நீட்டும் தசைகளைவிட வலுவானவை. நொடிக்கு 50 சுழற்சி மின்சாரம் எல்லாவற்றையும் ஒரேயடியாக முறுக்கும்போது கை மூடிக்கொள்ளும். அவரைத் தொட்டு இழுப்பவரின் கையும் அப்படியே ஒட்டும். ஒரே வீட்டில் அடுத்தடுத்து இரண்டு மூன்று பேர் போவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே முதலில் மெயினை அணையுங்கள். உங்கள் வீட்டு மெயின் எது என்பதை இன்றே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் நாலு மீட்டரில் தேட முடியாது. அணைக்க வழியே இல்லையென்றால், காய்ந்த இடத்தில் செருப்போடு நின்று, பிளாஸ்டிக் நாற்காலியாலோ காய்ந்த கட்டையாலோ ஒயரைத் தள்ளலாம். காய்ந்த என்பதை அழுத்திச் சொல்கிறோம். மழையில் நனைந்த மூங்கில் கழி கரண்டைக் கடத்தும்.

இதெல்லாம் வீட்டு மின்சாரத்துக்கு மட்டும். தெருவில் அறுந்து விழுந்தது 11,000 வோல்ட் கம்பியாக இருந்தால் கட்டையும் நாற்காலியும் பயனில்லை. ஒரு பேருந்து நீளத்துக்காவது விலகி நிற்க வேண்டும். கம்பி விழுந்த தரையிலேயே மின்னழுத்தம் பரவியிருக்கும். அகலமாகக் கால் வைத்தால் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையே கரண்ட் ஓடும். ஏற்கெனவே அருகில் மாட்டிக்கொண்டால், இரு பாதத்தையும் ஒட்டியபடி தரையைவிட்டு எடுக்காமல் நகர்ந்து நகர்ந்து வெளியே வாருங்கள்.

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் நிற்கிற சரக்கு ரயில்மேல் ஏறிப் படம் எடுக்கிற பையன்களுக்கு ஒரு வார்த்தை. மேலே ஓடுவது 25,000 வோல்ட். அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு மீட்டருக்குள் போனாலே ஆபத்து, காற்றிலேயே தாவி வரும். இப்படி அடிபட்டு மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்கு உள்ளே ஓடிய மின்சாரம், சட்டை பற்றி எரிந்த தீ, வண்டிமேலிருந்து விழுந்த அடி என்று மூன்றும் சேர்ந்திருக்கும். கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம் என்று கருதித்தான் அவரைத் தூக்க வேண்டும், ஆட்டோவில் மடக்கிப் போட்டுக்கொண்டு வரக் கூடாது.

விடுவித்த பிறகு

மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். அசைவில்லை, மூச்சில்லை, அல்லது மீன் வாய் திறப்பது போல எப்போதாவது ஒரு இழுப்பு மட்டும் இருக்கிறது என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 108க்குப் பேசட்டும். இன்னொருவர் சமதரையில் மல்லாத்தி, நெஞ்சின் நடு எலும்பில் உள்ளங்கை அடியை வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். பழகியவர் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு கொடுக்கலாம். கை வலிக்கும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்ளுங்கள். கரண்ட் அடித்தவர் பெரும்பாலும் நல்ல இதயத்தோடு இருக்கிற இளவயதுக்காரர், அதனால் இந்த அழுத்தத்துக்குப் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

மண்ணில் குழி தோண்டிப் படுக்க வைத்தால் உடம்பில் உள்ள கரண்ட் பூமிக்கு இறங்கிவிடும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. உடம்பு பேட்டரி இல்லை. ஒயரை விட்ட நொடியில் உள்ளே கரண்ட் கிடையாது. உள்ளங்கால் தேய்ப்பதும் சோடா புகட்டுவதும் இதே கணக்குதான். மயங்கியவர் வாயில் ஊற்றியது நுரையீரலுக்குத்தான் போகும்.

மோதிரம், வளையல், மெட்டி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் கை வீங்கி, மோதிரமே விரலை நெரிக்கும். காயத்தில் மையும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடினால் போதும்.

மருத்துவமனையில் என்ன பார்க்கிறார்கள்

வீட்டு மின்சாரம்தான், மயக்கம் வரவில்லை, நெஞ்சு வலியோ படபடப்போ இல்லை, இ.சி.ஜி. இயல்பு, காயமும் இல்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். "எதற்கும் ஒரு நாள் அட்மிட் செய்யுங்கள்" என்று கேட்க வேண்டியதில்லை. ஆனால் நினைவு தப்பியிருந்தாலோ, இ.சி.ஜி.யில் மாற்றம் தெரிந்தாலோ, ஆயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரமாக இருந்தாலோ ஒரு நாளாவது இதயத்தைக் கண்காணித்தாக வேண்டும். கர்ப்பிணிக்கு லேசான ஷாக் என்றாலும் குழந்தையின் துடிப்பைப் பார்க்காமல் விடக் கூடாது.

அடுத்து சிறுநீரின் நிறம். செத்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகக் குழாய்களை அடைக்கும். சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் வரும். அப்போது ரிங்கர் லாக்டேட் என்ற உப்புத் திரவத்தை நரம்பில் ஏற்றி, பெரியவருக்கு மணிக்கு 75 முதல் 100 மில்லி சிறுநீராவது வரும்படி, நிறம் தெளிகிற வரை விடாமல் பார்க்கிறோம். தோல் வெந்த அளவை வைத்துத் திரவம் கொடுத்தால் இவருக்குப் போதாது, சிறுநீரகம் நின்றுவிடும்.

மூன்றாவது ஆபத்து உள் வீக்கம். முன்கைத் தசைகள் இறுக்கமான உறைக்குள் இருக்கின்றன. வெந்த தசை வீங்கினால் உறை விரியாது, ரத்தக்குழாய் நசுங்கும். இதன் முதல் அடையாளம் காயத்துக்குப் பொருந்தாத வலி: விரலை மெல்ல நிமிர்த்தினாலே அலறுவார். மரத்துப்போவதும் சில்லிடுவதும் பிறகு வரும், அதுவரை காத்திருந்தால் தாமதம். சில மணி நேரத்துக்குள் உறையைக் கீறி அழுத்தத்தை இறக்கினால் கை தப்பும். "சின்னக் காயத்துக்கு எதுக்கு டாக்டர் இவ்வளவு நீளமா வெட்டணும்?" என்று குடும்பத்தார் கையெழுத்துப் போடத் தயங்குகிற இடம் இதுதான். தயங்குகிற அந்த நேரம் விரல்களின் நேரம்.

தோள் வலியையும் அலட்சியம் செய்யக் கூடாது. தசை முறுக்கிய வேகத்தில் தோள் மூட்டு பின்பக்கமாக நழுவியிருக்கும். நேர் எக்ஸ்ரேயில் இது கண்ணுக்குத் தப்பும். பிளக்கை வாயில் வைத்த குழந்தைக்கு உதட்டோரம் வெந்திருந்தால், ஐந்து முதல் பதினான்கு நாளுக்குள் பொருக்கு உதிரும்போது ரத்தம் பீறிடலாம். அந்த இரண்டு வாரமும் உதட்டை விரலால் கிள்ளி அழுத்தத் தாய்க்குச் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும்.

வடசென்னைக்கு ராயபுரம் பக்கத்து அரசு ஸ்டான்லி மருத்துவமனை அருகில் இருப்பது ஒரு கொடுப்பினை, டாக்டர் ஆர். வேங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு அங்கே இருக்கிறது. தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் உண்டு.

ஒன்று மட்டும் மறைக்காதீர்கள். கொக்கி போட்டு எடுத்த கரண்ட், மீட்டரைத் தொட்டது, வேலையிடத்தில் முதலாளி "வழுக்கி விழுந்தேன்னு சொல்லு" என்றது, எதுவானாலும் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். எத்தனை நேரம் பிடித்திருந்தது, எந்தக் கை, எங்கே நின்றார், வீடா கம்பமா என்பதில்தான் சிகிச்சை நிற்கிறது. பதிவேட்டில் எழுதுவதும் அதுவே. பிறகு இழப்பீடு கேட்கப் போனால் முதலில் கேட்பது அந்த விபத்துப் பதிவேட்டின் நகலான ஏ.ஆர். காப்பி, அதில் "வழுக்கி விழுந்தார்" என்று இருந்தால் மாற்ற முடியாமல் அலைய வேண்டியதுதான்.

மின்னல் வேறு கணக்கு

மின்னலில் ஓடுவது பத்தாயிரக்கணக்கான ஆம்பியர், ஆனால் ஆயிரத்தில் சில பங்கு நொடிதான். உள்ளே ஊடுருவ நேரமில்லாமல் பெரும்பகுதி தோலின் மேலேயே வழிந்து போகும். நனைந்த சட்டை கிழியும், செருப்பு சிதறும், உள் தசை பெரும்பாலும் தப்பும். மின்னல் தாக்கியவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேர் பிழைப்பது இதனால்தான்.

இறப்பவர் ஏன் இறக்கிறார்? அந்த அதிர்ச்சியில் இதயமும் மூச்சும் ஒன்றாக நிற்கும். இதயம் தன் சொந்த விசையால் மறுபடி துடிக்கத் தொடங்கிவிடும். மூச்சு மையம் எழ நேரமாகும். இந்த இடைவெளியில் பிராணவாயு இல்லாமல் இதயம் இரண்டாம் முறை நிற்கும். யாராவது மூச்சூதினால் அந்த இரண்டாவது நிறுத்தம் வராமலே போகலாம். பலர் ஒன்றாக விழுந்த இடத்தில் முனகுபவர், அழுபவர் காத்திருக்கட்டும். அசையாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள். மற்ற விபத்துகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும். கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு அசையவில்லை என்பதற்காக விடவும் கூடாது. மின்னலில் அது சாவின் அடையாளம் இல்லை.

மின்னல் தாக்கிய சிலருக்குக் கால் நீலமாகி, சில்லிட்டு, நாடி கிடைக்காமல் இருக்கும். கரண்ட் காயத்தில் இதே அடையாளம் கத்தி எடுக்கச் சொல்லும். மின்னலில் சில மணி நேரத்தில் தானே சரியாகும், காத்திருக்கலாம். தோலில் பெரணி இலை போலப் படரும் சிவப்புக் கோலம் தீக்காயம் அல்ல, ஒரு நாளில் மறையும். காதை மட்டும் மறக்காமல் பாருங்கள், செவிப்பறை கிழிவது சாதாரணம்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் வியாசர்பாடி மைதானத்தில் பந்தை எடுத்துக்கொண்டு கட்டடத்துக்குள் போக வேண்டியதுதான், கோல் கம்பத்தடியில் ஒதுங்குவதில் பயனில்லை. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுங்கள். ஃபைபர் படகில் கடலில் இருப்பவருக்கு ஒதுங்க இடமில்லை. கிளம்பும் முன் மின்னல் எச்சரிக்கை தரும் தாமினி செயலியைப் பார்ப்பது, முதல் இடிக்கே திரும்புவது, மாட்டிக்கொண்டால் கம்பத்தையும் ஆன்டெனாவையும் விட்டு விலகி நடுவில் குனிந்து உட்கார்ந்து, கையைத் தண்ணீரில் விடாமல் இருப்பது, இவ்வளவே வழி.

காயம் ஆறி வேலைக்குப் போன பிறகும் இந்தக் கணக்கு முடிவதில்லை. தலை, கழுத்து வழியாகப் போன மின்சாரமும் மின்னலும் சில வாரத்திலிருந்து ஓரிரு ஆண்டுக்குள் கண்புரை கொண்டுவரலாம், முப்பது வயதுக்காரருக்கும். மறதி, தூக்கமின்மை, எரிச்சல், கை மரத்தல் பல மாதம் கழித்துத் தலைகாட்டும். வீட்டில் இருப்பவர்கள் "அதுக்கப்புறம் ஆளே மாறிட்டான்" என்பார்கள். டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரப்படுத்தி, பார்வை மங்கினால் கண் மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள். அவராகக் கேட்கமாட்டார்.