மதர்போர்டில் எதற்குக் காசு கொடுக்கிறோம்?

புதிதாக டெஸ்க்டாப் சேர்ப்பவர்கள் பிராசஸரையும் கிராஃபிக்ஸ் கார்டையும் நாள்கணக்கில் அலசுவார்கள். மதர்போர்டு என்று வந்தால் பெட்டியிலுள்ள படத்தைப் பார்த்து முடிவெடுத்துவிடுவார்கள். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஒரே பிராசஸரைச் சாதாரணப் போர்டிலும், அதைப்போல் மூன்று மடங்கு விலையுள்ள போர்டிலும் மாட்டிப் பாருங்கள். அன்றாட வேலைகளில் வேக வித்தியாசம் தெரியாது.

முன்பு அப்படி இல்லை. ரேமை நிர்வகிக்கும் சுற்று மதர்போர்டிலுள்ள தனிச் சிப்பில் இருந்தது. அந்தச் சிப் சுமாராக இருந்தால் கம்ப்யூட்டரும் சுமார்தான். 2003-இல் ஏ.எம்.டி. தன் அத்லான் 64-இல் அந்தச் சுற்றைப் பிராசஸருக்குள்ளேயே கொண்டுவந்தது. இன்டெல் 2008-இல் அதே வழிக்கு வந்தது. இப்போது போர்டிடம் மிஞ்சியிருக்கும் பெரிய வேலைகள் இரண்டு: மின்சாரத்தைப் பக்குவப்படுத்துவது, தகவலுக்குப் பாதை அமைத்துக் கொடுப்பது.

பவர் சப்ளை தருவது 12 வோல்ட். பிராசஸர் கேட்பதோ ஏறத்தாழ 1.2 வோல்ட். 180 வாட் இழுக்கும் பிராசஸருக்கு 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் போதும், 1.2 வோல்ட்டில் அதே வாட்டுக்கு 150 ஆம்பியர் வேண்டும். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் 10 மடங்கானால், அதே கம்பியில் வெப்பம் 100 மடங்கு. அதனால்தான் இந்த மாற்றத்தைப் பவர் சப்ளையில் வைக்காமல், பிராசஸர் உட்காரும் சாக்கெட்டை ஒட்டியே வைக்கிறார்கள். சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக நிற்கும் சின்னச் சின்னக் கட்டிகள் அதற்கானவை. வி.ஆர்.எம். (வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் மாட்யூல்) என்று சொல்வது இதைத்தான்.

மாஸ்ஃபெட் எனும் சுவிட்சுகள் நொடிக்குப் பல லட்சம் முறை 12 வோல்ட்டைத் திறந்து மூடுகின்றன. பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்திருந்தால் சராசரி 1.2 வோல்ட். விட்டுவிட்டு வரும் அந்தத் துடிப்பைச் சோக் எனும் சுருளும் கெபாசிட்டர்களும் சீராக்குகின்றன. ஒரே சுருள் 150 ஆம்பியரையும் சுமந்தால் கொதித்துவிடும். எனவே சுவிட்சும் சுருளும் கொண்ட பல ஃபேஸ்களாகப் பிரித்து முறைவைத்து ஓடவிடுகிறார்கள். பத்து ஃபேஸ் என்றால் தலைக்கு 15 ஆம்பியர். இந்தப் பகுதி அளவுக்கு மேல் சூடானால் பிராசஸரின் வேகம் குறைக்கப்படும். மேலே சொன்ன 'வித்தியாசம் தெரியாது' என்ற பேச்சு அங்கே செல்லாது.

ஆனாலும் பெட்டியில் '16+2' ஃபேஸ் என்று கண்டதும் மயங்க வேண்டாம். ஒரே சமிக்ஞையில் ஓடும் இரண்டு சுவிட்ச்-சுருள் ஜோடிகளை இரண்டு ஃபேஸாக எண்ணிக்காட்டுவது வழக்கம்தான். 65 வாட் வகைப் பிராசஸருக்கு, வெப்பத்தை வெளியேற்றும் நல்ல ஹீட்சிங்க் உள்ள அடக்கமான போர்டே தாராளம்.

பொருத்தத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2017-இல் வந்த இன்டெல் 8-ஆம் தலைமுறைப் பிராசஸர்கள் முந்தையவற்றைப் போலவே எல்.ஜி.ஏ. 1151 சாக்கெட்டில் உட்காரும். ஆனால் பழைய 100, 200 வரிசைச் சிப்செட் (பிராசஸருக்குத் துணையாகப் போர்டிலுள்ள சிப்) கொண்ட போர்டுகள் அவற்றை அதிகாரபூர்வமாக ஏற்கவில்லை. சாவி துளைக்குள் போகும், பூட்டு திறக்காது. சில சமயம் சிப்செட் ஏற்கும், கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸ் மட்டும் பழையதாக இருக்கும். பயாஸைப் புதுப்பிக்கக் கம்ப்யூட்டர் ஓட வேண்டும். ஓடுவதற்குப் புது பயாஸ் வேண்டும்! பிராசஸர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பொத்தானுள்ள போர்டுகள் இந்தச் சிக்கலிலிருந்து காப்பாற்றும். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 ரேம்கள் இரண்டிலும் 288 பின்கள்தான், ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது.

இனிப் பாதைகள். கிராஃபிக்ஸ் கார்டுக்கும் எம்.2 எனும் சின்ன ஸ்லாட்டில் மாட்டும் முதல் எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்துக்கும் பொதுவாகப் பிராசஸரிலிருந்தே நேர்ப்பாதை உண்டு. மற்ற எம்.2 இடங்கள், ஹார்ட் டிஸ்க் மாட்டும் சாட்டா, நெட்வொர்க், யு.எஸ்.பி.யில் பெரும்பகுதி எல்லாம் சிப்செட்டில் கூடி, அங்கிருந்து ஒரே பாலத்தின் வழியாகப் பிராசஸரை அடைகின்றன. ஏ.எம்.டி.யின் பி650 சிப்செட் போர்டில் அந்தப் பாலம் நான்கு பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 4.0 பாதைகள், நொடிக்கு 8 ஜிகாபைட் அளவு. வேகமான ஒற்றை எஸ்.எஸ்.டி.யே அதில் பெரும்பங்கை நிரப்பிவிடும். சிப்செட்டில் எத்தனை இணைப்பு இருந்தாலும் பாலம் அகலமாகாது.

ஸ்லாட்டின் நீளமும் ஏமாற்றும். கிராஃபிக்ஸ் கார்டு நுழையும் அளவுக்கு நீளமான இரண்டாவது ஸ்லாட்டில் நான்கு பாதைகளுக்குத்தான் செம்புத் தடம் ஓடியிருக்கலாம்.

இவையெல்லாம் போர்டின் கையேட்டில் இருக்கும். வாங்கும் முன்பே இலவசமாக இறக்கிப் படிக்கலாம். எது எதனோடு இணைகிறது என்று காட்டும் கட்டப்படத்தை அதில் நான் முதலில் தேடுவேன், அடுத்து அடிக்குறிப்புகளை. மூன்றாவது எம்.2 இடத்தில் எஸ்.எஸ்.டி. மாட்டினால் இரண்டு சாட்டா இணைப்புகள் அணைந்துவிடும் என்பது மாதிரியான செய்தி அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காதவர்கள், நன்றாக இருக்கும் ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டதென்று கேபிளைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்கள்.