ஏஜிங்: மூப்பா, முதிர்வா, முற்றலா?

வயதைக் குறிக்கும் லத்தீன் சொல்லான ‘ஐடாஸ்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘ஏஜ்’ ஆனது. அதிலிருந்து பிறந்த ‘ஏஜிங்’ இன்று உலோகப் பட்டறைகளில் புழங்குகிறது. மனிதனுக்கு வயதானால் தளர்ச்சி. சில அலுமினியக் கலவைகளுக்கோ உறுதி. ஜெர்மானிய உலோகவியலாளர் ஆல்ஃபிரட் வில்ம் 1906இல் இதைக் கண்டார். செம்பும் மக்னீசியமும் சேர்ந்த அலுமினியத்தைச் சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்தார். சும்மா கிடந்த சில நாட்களில் அது கடினமாகிவிட்டது. உள்ளே கரைந்து சிறைப்பட்ட செம்பு அணுக்கள் மெல்லக் கூடி, உலோக அடுக்குகள் வழுக்காதபடி குறுக்கே நிற்கின்றன. மிதமாகச் சூடாக்கினால் இது விரைவாக நடக்கும்.

ஆகவே தமிழில் இதற்கு ‘மூப்பு’ பொருந்தாது. ‘முதிர்வு’ பரவாயில்லை, ஆனால் வங்கி வைப்புத்தொகையின் நினைவு வருகிறது. என் வாக்கு ‘முற்றலு’க்குத்தான். முற்றிய வெண்டைக்காயை நறுக்கியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தானே முற்றுவதையும் சூட்டில் முற்றவைப்பதையும் தமிழ் ஒரே வேர்ச்சொல்லால் பிரித்துச் சொல்லிவிடுகிறது. அளவு மீறிச் சூட்டில் வைத்தால் அந்த அணுத்திரள்கள் பருத்து, எண்ணிக்கையில் குறைந்து, இடைவெளி அகன்று, கடினத்தன்மை இறங்கும். முற்றிய மாங்காய் கனிந்து இளகுவது போலத்தான். கனிவு நல்ல குணம்தான், எஞ்சின் பாகத்துக்கு அல்ல.

அலுமினா (அலுமினியமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த, பீங்கான் போன்ற பொருள்) நார் கலந்த அலுமினியக் கூட்டுப்பொருளில் கதை சற்று மாறுகிறது. 1980களில் டொயோட்டா இத்தகைய பொருளை டீசல் எஞ்சின் பிஸ்டனில் பயன்படுத்தியது. குளிரும்போது அலுமினியம் அலுமினாவைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு சுருங்கப் பார்க்கும், நார் விடாது. அந்த இழுபறியில் நாரைச் சுற்றியுள்ள உலோகத்தின் அணு வரிசைகளில் ஏராளமான பிசகுகள் தோன்றுகின்றன. அணுக்கள் கூடுவதற்கு அவை தோதான இடங்கள் என்பதால் பல கலவைகளில் கடினத்தன்மையின் உச்சம் முன்னதாகவே வந்துவிடும். கடினத்தன்மையில் ஒரு பங்கை நார் தொடக்கத்திலேயே தந்துவிடுவதால், முற்றலால் கிடைக்கும் கூடுதல் சிறிதாகவும் தோன்றலாம். கலவையின் மக்னீசியம் அலுமினா நாருடன் வினைபுரிந்து செலவானால் முற்றலே குன்றும்.

இதைக் கவனிக்காமல், நாரில்லாத கலவைக்கு வகுத்த நேரப்படியே உலையில் விட்டால், கதவைத் திறக்கும்போது பாகம் முற்றல் பருவத்தைத் தாண்டிக் கனியத் தொடங்கியிருக்கலாம்.