மருந்து ‘எதிர்ப்புத் திறன்’ என்று எழுதாதீர்கள்

போன மாதம் அக்கா கூப்பிட்டு, “உங்க அத்தானுக்கு எதிர்ப்புச் சக்தி நல்லா இருக்காம்டா, பேப்பர்லயே போட்டிருக்கு” என்றாள். அத்தானுக்குக் கன்னத்தின் உள்பக்கம் புற்று. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுமருந்து மூன்று முறை ஏறியும் புண் சுருங்கவில்லை. அந்தத் தமிழ் விளக்கத்தாளை வாங்கிப் பார்த்தால், “புற்றணுக்களில் வேதிச்சிகிச்சை எதிர்ப்புத் திறன் காணப்படுகிறது” என்று இருக்கிறது. கெட்ட செய்தியை நல்ல செய்தியாகப் படித்திருக்கிறாள், தப்பு அவள் மேல் இல்லை.

மருந்துக்கு நோய் மசியாமல் இருப்பதை ஆங்கிலத்தில் ‘ரெசிஸ்டன்ஸ்’ என்பார்கள், அதைத்தான் ‘எதிர்ப்புத் திறன்’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். ரெசிஸ்டன்ஸ் என்பது லத்தீனில் ‘நிற்றல்’ என்ற வினையிலிருந்து வந்தது, அசையாமல் நிற்பது. வேரைப் பிடித்துப் போனால் ‘தாக்குப்பிடித்தல்’ கிடைக்கும், அது பரவாயில்லை. ஆனால் அகராதியில் முதலில் கண்ணில் படுவது ‘எதிர்ப்பு’, அதோடு ‘திறன்’ சேர்ந்ததும் படிப்பவர் மனதில் நிற்பது நோய் எதிர்ப்புத் திறன்தான். ஆன்டிபயாட்டிக்கை ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’ என்று வைத்துக்கொண்டு, கிருமி அதற்கு மசியாததையும் எதிர்ப்பு என்றால் ‘நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு’ என்று எழுத வேண்டி வருகிறது, எழுதவும் செய்கிறார்கள். ‘மருந்துத் தடை’ என்று சிலர் போடுவது இன்னும் மோசம், அரசு அந்த மருந்தையே தடைசெய்துவிட்டது போல இருக்கிறது.

சரி, செல்லுக்குள் நடப்பதைப் பாருங்கள். சிஸ்பிளாட்டின் உள்ளே போய் டிஎன்ஏவில் முடிச்சுப் போடுகிறது. முடிச்சு விழுந்த செல்லுக்கு ‘செத்துப்போ’ என்று பி53 புரதம் வழியாகச் சமிக்ஞை போக வேண்டும், ஆனால் வாய்ப்புற்றில் பி53 மரபணு கெட்டுப்போயிருப்பது மிகவும் சாதாரணம். இன்னொரு பக்கம் செல்லின் மேல்பரப்பில் சமிக்ஞை வாங்கும் ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பியில் கிளம்பி பிஐ3கே, ஏகேடி என்ற புரதங்கள் வழியாக வரும் சமிக்ஞை ‘பிழைத்திரு, பிழைத்திரு’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. இஆர்சிசி1 போன்ற பழுதுபார்க்கும் புரதங்கள் அதிகம் இருந்தால் விழுந்த முடிச்சையும் அவிழ்த்துவிடும். இதில் செல் எங்கே மருந்தை எதிர்த்துச் சண்டை போடுகிறது? சாகச் சொன்னது அதற்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நம் வீடுகளில் சொல் இருக்கிறது. “காய்ச்சல் இந்த மாத்திரைக்குக் கேட்கலை” என்று பாட்டிமார் சொல்கிறார்களே, அதுதான். எழுத்துக்கு ‘மருந்துக்குக் கேளாமை’. காது கேளாமையோடு குழம்பும் என்கிறார்கள். ‘மருந்துக்கு’ என்று முன்னால் நிற்கும்போது யார் குழம்பப்போகிறார்கள்? பேச்சுவழக்கு என்றால் அறிவியலுக்கு ஆகாது என்ற எண்ணம்தான் மொழிபெயர்ப்பாளர்களைக் கெடுக்கிறது. நோயாளி கையில் கொடுக்கிற தாள் நோயாளிக்குப் புரிய வேண்டாமா?

அக்காவிடம், “கட்டி இந்த மருந்துக்குக் கேக்கலையாம்க்கா” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், “வேற மருந்து மாத்துவாங்களா?” என்று கேட்டாள்.