மைக் இல்லாமல் பழகிய குரல்

மதுரையைச் சுற்றியுள்ள கிராமத் திருவிழாக்களில் இன்றைக்கும் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் நடக்கிறது. இப்போது வள்ளிக்கு முன்னால் மைக் இருக்கிறது. மைக்கே இல்லாத நாளில், ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் தாண்டி, கடைசியில் தரையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி வரைக்கும் பாட்டு எட்ட வேண்டும். அப்படி மேடையில் பழகிய குரல்தான் தமிழின் முதல் பேசும் படத்துக்குக் கிடைத்தது.

டி.பி.ராஜலட்சுமி திருவையாற்றுக்காரர், சின்ன வயதிலேயே நாடகத்துக்கு வந்தவர். 1929இல் 'கோவலன்' மௌனப் படத்தில் நடித்தார். நம் மதுரையில் வந்து முடிகிற கதை அது. ஆனால் பாடத் தெரிந்த அவர் அதில் வாயசைத்ததோடு சரி. இரண்டே ஆண்டில், 1931 அக்டோபர் 31 அன்று, எச்.எம்.ரெட்டி இயக்கிய அந்த முதல் பேசும் படம் 'காளிதாஸ்' வெளிவந்தது. நாயகி ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேசினார்.

ஃபிலிமில் குரல் எப்படி ஏறியது?

மௌனப் படக் கேமராவைக் கையால் சுற்றுவார்கள். வினாடிக்கு 16 பிரேம், 18 பிரேம் என்று ஆளுக்கு ஆள் மாறும். கண் பொறுத்துக்கொள்ளும், காது பொறுக்காது. வேகம் கொஞ்சம் ஏறி இறங்கினாலே ஸ்ருதி கெட்டுவிடும். அதனால் மோட்டார் வைத்து 24 பிரேம் என்று நிறுத்தினார்கள், வினாடிக்கு 18 அங்குல ஃபிலிம் ஓடும். மைக் குரலை மின்சாரமாக்க, அந்த மின்சாரம் ஒளியைக் கூட்டிக் குறைக்க, ஃபிலிமின் ஓரத்தில் கருப்பும் வெளுப்புமாக மெல்லிய பட்டை பதிவாகும். தியேட்டரில் சின்ன விளக்கொன்று அந்தப் பட்டைக்குள் ஒளியைப் பாய்ச்ச, மறுபக்கத்து ஒளிமின்கலம் அதைத் திரும்ப மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. படம் ஒவ்வொரு பிரேமாக நின்று நின்று நகர வேண்டும், ஒலியோ நிற்காமல் ஓட வேண்டும், இரண்டும் ஒரே இடத்தில் முடியாது. அதனால் ஒலியைச் சுமார் 20 பிரேம் முந்தி அச்சடித்தார்கள். நடிகை வாய் திறக்கும் படம் லென்ஸுக்கு நேரே நிற்கிற அதே நொடியில், அந்தச் சொல் கொஞ்சம் கீழே விளக்கைக் கடந்துகொண்டிருக்கும்.

அதே 1931 மார்ச்சில் வந்த, இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வில் படமும் ஒலியும் ஒரே ஃபிலிமில் சேர்ந்தே பதிவாயின. பக்கத்தில் ரயில் பாதை, அதனால் இரவில் எடுத்தார்கள். பின்னணிப் பாடகர் என்று யாரும் கிடையாது, வாத்தியக்காரர்கள் கேமராவுக்குத் தெரியாமல் மறைந்து வாசிக்க, நடிப்பவரே பாட வேண்டும். அன்றைய கருவிகள் மிகத் தாழ்ந்த ஒலியையும் மிக உயர்ந்த ஒலியையும் சரியாகப் பிடிக்காது, கூடவே இரைச்சல் வேறு. 2000, 3000 ஹெர்ட்ஸ் பக்கம் கணீரென்று நிற்கும் குரல் அதில் தப்பித்துவிடும். நம் காதும் அந்தப் பக்கம்தான் கூர்மை.

வடக்கே மௌனப் பட நட்சத்திரம் சுலோசனா, இந்துஸ்தானி சரியாக வராததால் ஒதுங்கி, மொழியைக் கற்றுக்கொண்டு 1932இல் 'மாதுரி'யில் திரும்பி வந்தார். ராஜலட்சுமிக்கு அந்த இடைவெளி தேவைப்படவில்லை. 1936இல் 'மிஸ் கமலா'வை அவரே இயக்கினார்.

'காளிதாஸ்' படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.