கோல்ட் அயர்னிங்: மின்னேற்றம் அல்ல, கரைமின்

துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல் தன் டீசல் ஜெனரேட்டர்களை நிறுத்திவிட்டு, விளக்கு, பம்பு, குளிர்பதனக் கன்டெய்னர்களுக்கான மின்சாரத்தைக் கரையிலிருந்து வாங்கிக்கொள்வதே கோல்ட் அயர்னிங் (cold ironing). நிலக்கரிக் கப்பல் காலத்துப் பெயர் அது. கரி போடுவதை நிறுத்தினால் இரும்பு எஞ்சின் ஆறிச் சில்லிட்டுப்போகும். இதைத் தமிழில் ‘குளிர் இரும்பாக்கம்’ என்று எழுதுபவர்கள் பொருளை விட்டுவிட்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டவர்கள்.

அதைவிடக் கெடுதல் செய்வது ‘கரை மின்னேற்றம்’. நல்ல தமிழாக ஒலிப்பதால் யாரும் தட்டிக்கேட்பதில்லை. மின்னேற்றம் என்றால் பேட்டரியில் மின்சாரத்தைச் சேர்ப்பது. சேர்த்ததைக் கொண்டு புறப்படலாம். நார்வேயில் கார்களையும் பயணிகளையும் ஏற்றும் ஆம்பியர் என்ற படகு 2015இல் அப்படித்தான் ஓடத் தொடங்கியது: கரையில் சுமார் 10 நிமிடம் ஏற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போகும். கோல்ட் அயர்னிங் செய்யும் சரக்குக் கப்பலிலோ எதுவும் சேர்வதில்லை. கேபிளைக் கழற்றியதும் மறுபடி ஜெனரேட்டர்தான். கடலில் எரிவது அதே எண்ணெய்தான். குறைவது துறைமுகத்தில் நிற்கும் நேரத்துப் புகை மட்டும். அதுவும் முழுதாக அல்ல, பல கப்பல்களில் கொதிகலன் அப்போதும் எண்ணெயில் எரிந்துகொண்டிருக்கும். ‘மின்னேற்றம்’ என்று படிப்பவரோ கப்பலே இனி மின்சாரத்தில் ஓடும் என்று நம்பிவிடுவார். அகராதியைப் பார்த்த மொழிபெயர்ப்பாளர் கப்பலையும் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்.

செருகினால் போதும் என்ற எண்ணத்தையும் அந்தச் சொல் வளர்க்கிறது. பெரும்பாலான பெரிய கப்பல்களின் மின்சாரத்துக்கு அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 அலைவு. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் கரையில் 50. நேராக இணைத்தால் பம்பு மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைக்காவிட்டால் சூடேறும். அதனால் கரையில் அதிர்வெண் மாற்றி வேண்டும். பெரிய கப்பல்களுக்கு 6.6 அல்லது 11 கிலோவோல்ட் தருவார்கள். கேபிளை மாட்டி, எர்த்தையும் மூன்று ஃபேஸ்களின் வரிசையையும் சரிபார்த்து, ஜெனரேட்டரைக் கரையோடு ஒத்திசைத்து, சுமையைப் படிப்படியாக மாற்றிய பிறகுதான் ஜெனரேட்டரை நிறுத்துவார்கள். இதெல்லாம் இணைக்கும் வேலை.

ஆகவே கரைமின் இணைப்பு, சுருக்கமாகக் கரைமின். ‘துறைமுக மின்சாரம்’ என்பதும் பொருந்தாது. கிரேனுக்கும் கிடங்குக்கும் போவதும் அதில் அடங்கிவிடும். 2030 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் முக்கியத் துறைமுகங்களில், வேறு மாசற்ற வழி இல்லாத பெரிய கன்டெய்னர், பயணிகள் கப்பல்கள் சில விலக்குகள் தவிரக் கரைமின் எடுத்தாக வேண்டும். இதை ‘மின்னேற்ற வேண்டும்’ என்று எழுதினால், பேட்டரியே இல்லாத கப்பலுக்குப் பேட்டரி விதி சொன்னதாகிவிடும்.