அப்பாவின் புல்லட்டுக்குப் புது பெயின்ட் அடிப்பதற்கு முன்

"வீட்டில் அப்பா ஓட்டிய புல்லட் நிற்கிறது. பெயின்ட் அடித்து, குரோம் போட்டு, புதுசு மாதிரி ஆக்கி விற்றால் எவ்வளவு போகும்?" பழைய பைக்குகளைப் பிரித்து மாட்டுவதே என் தொழில் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன். பெயின்ட் அடிக்காதீர்கள். முதலில் தூசியைத் துடைத்துவிட்டு, வண்டியை அப்படியே நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

சிலர் இதைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள். மங்கிப்போன டேங்க்கை யார் வாங்குவார்கள் என்று கேட்கிறார்கள். சேகரிக்கிறவர் வாங்குவார். பளபளப்பு வேண்டுமென்றால் அவர் ஷோரூமுக்கே போய்விடுவார். கம்பெனியை விட்டு வெளியே வந்தபோது இருந்ததில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துத்தான் அவர் பழைய வண்டிக்குக் காசு கொடுக்கிறார். ஒருமுறை உரித்துவிட்ட பெயின்ட்டை எந்தப் பெயின்டராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

புல்லட் டேங்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்த பிறகு, திருவொற்றியூர் தொழிற்சாலையில் டேங்க்கின் மேல் ஓடும் அந்தத் தங்கக் கோட்டை ஆள் உட்கார்ந்து பிரஷ்ஷால் கையாலேயே இழுத்தார்கள். வளைவில் கோடு ஒரு இழை தடிக்கும், பிரஷ்ஷை எடுத்த இடத்தில் மெலியும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவினால் லேசான மேடு தெரியும். இன்று ரீஸ்டோர் செய்கிற பலர் ஸ்டிக்கரை ஒட்டி மேலே லேக்கர் அடித்துவிடுகிறார்கள். அதில் கோடு முதலிலிருந்து கடைசிவரை ஒரே அகலத்தில் இருக்கும், தடவினால் ஒன்றும் தட்டுப்படாது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் விவரம் தெரிந்தவர் டேங்க்கைத் தொட்டதுமே பேரத்தைக் குறைந்த விலையிலிருந்து ஆரம்பிப்பார்.

டேங்க் ஓட்டையாகி, மட்கார்டு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது என்றால் வேறு வழியில்லை, வேலை செய்துதான் ஆக வேண்டும். அப்போதும் சீட்டுக்கு அடியில், டேங்க் பேட்ஜுக்குப் பின்னால் என்று வெயில் படாத இடத்தில் பழைய நிறம் மறைந்திருக்கும். அதைப் பார்த்து நிறம் கலக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது எண்கள். இன்ஜின் நம்பரும் சேஸ் (ஃபிரேம்) நம்பரும் ஆர்.சி.யில் உள்ளபடி வண்டியில் இருக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எண் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், எண் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதில்லை. டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். எண்ணைச் சுற்றியுள்ள பரப்பு மற்ற இடத்தைப் போலவே வார்ப்பின் சொரசொரப்போடு இருக்க வேண்டும். அங்கே மட்டும் வழவழப்பாக, லேசாகக் குழிந்து, கிரைண்டர் ஓடிய கீறல்கள் தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். ஒரு எழுத்து ஆழமாகவும் பக்கத்து எழுத்து மேலோட்டமாகவும் இருந்தாலும் சந்தேகப்பட வேண்டியதுதான். அது விலை குறையும் விஷயம் மட்டுமல்ல, திருட்டு வண்டி வழக்கில் மாட்டிக்கொள்ளும் விஷயம்.

நல்ல எண்ணைக் கெடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. இன்ஜினின் கீழ்க்கூடான கிராங்க் கேஸை பஃபிங் போட்டுத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கும்போது எண் தேய்ந்துபோகிறது. ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் என்ற தடித்த பூச்சைப் போட்டால் பள்ளமான எழுத்துகள் அடைத்துக்கொள்கின்றன. பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸில் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுக்கும்போது எண் விழாது. எந்த வேலைக்குக் கொடுத்தாலும் எண் இருக்கும் இடத்தில் டேப் ஒட்டிக் கொடுங்கள்.

சரி, எந்த வண்டிக்கு மதிப்பு? அபூர்வமாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். யமஹா ஆர்எக்ஸ் 100 அதற்கு நேர் எதிரான சாட்சி. 1985-லிருந்து 1996 வரை வந்த வண்டி அது, ஊருக்கு ஊர் ஓடியது. 98 சிசி, 11 குதிரைத்திறன், நூறு கிலோவை ஒட்டிய எடை. அந்த எடைக்கு அந்த இழுவை, அந்தச் சத்தம். புகைக் கட்டுப்பாடுகள் இறுகிய பிறகு அப்படியொரு டூ ஸ்ட்ரோக் பைக் மறுபடி வர வழியே இல்லை. கல்லூரி நாட்களில் வாங்க முடியாமல் ஏங்கிய தலைமுறை இப்போது கையில் காசோடு தேடுகிறது. விலையை ஏற்றியது அந்த ஏக்கம்தான்.

அதனாலேயே ஆர்எக்ஸில் ஏமாற்று வேலையும் அதிகம். ஆரம்ப வண்டிகள் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டித் தயாரானவை என்பது உண்மை. இன்று விற்பனைக்கு வரும் எல்லா ஆர்எக்ஸும் "ஜப்பான் இன்ஜின்" என்றே சொல்லப்படுகின்றன. சொல்வதை நம்பாமல், இன்ஜினில் என்ன வேலை நடந்திருக்கிறது என்று சிலிண்டரைப் பாருங்கள். ஸ்டாண்டர்ட் போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 50 மி.மீ. ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் தலை தெரியும்; அதில் 25, 50 என்று பொறித்திருந்தால், துளையைக் கால் மி.மீ., அரை மி.மீ. பெரிதாக்கி ரீபோர் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ரீபோர் குற்றமில்லை, ஓடிய வண்டிக்கு அது இயல்பு. சிலிண்டரில் பெட்ரோல் கலவையும் புகையும் போய்வரும் வழியான போர்ட்டை அரம் போட்டுப் பெரிதாக்கியிருந்தால்தான் கஷ்டம், அராவிய இரும்பை மீட்க முடியாது. சைலன்சரின் உள்குழாயைப் பிடுங்கிப் போட்டிருந்தால், கம்பெனி சைலன்சர் தேடி அலையத் தயாராகிக்கொள்ளுங்கள்.

ராஜ்தூத் 350-ன் கதை வேறு. யமஹா ஆர்டி 350-ஐ ஒட்டி எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-ல் இறக்கிய 347 சிசி இரட்டை சிலிண்டர் வண்டி அது. விலையும் அதிகம், பெட்ரோலும் குடிக்கும் என்று அன்று மக்கள் ஒதுங்கினார்கள். அதனால் குறைவாகவே விற்றது, இன்று அதற்கே மவுசு. அதிலும் 30.5 குதிரைத்திறன் கொண்ட ஹை டார்க் மாடலுக்கு, 27 உள்ள லோ டார்க் மாடலைவிட மதிப்பு கூடுதல். என்ஃபீல்டின் டீசல் புல்லட்டும் இப்படித்தான். 325 சிசி, மெதுவாகப் போகும், அதிரும். ஆனால் இப்படியொரு டீசல் பைக்கை உலகில் வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாது என்பதற்காகவே தேடுகிறார்கள்.

அபூர்வம், ஏக்கம், வரலாறு மூன்றும் ஒரே வண்டியில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1951-ம் வருட வின்சென்ட் பிளாக் லைட்னிங் என்ற பிரிட்டிஷ் பைக் ஒன்றைச் சொல்லலாம். அந்த மாடலில் மொத்தமே முப்பது வண்டிகள்தான் செய்யப்பட்டன என்பார்கள். இந்த வண்டி 1953-ல் மணிக்கு 141.5 மைல் ஓடி ஆஸ்திரேலிய வேகச் சாதனை படைத்தது. 2018-ல் லாஸ் வேகாஸ் போனம்ஸ் ஏலத்தில் 9,29,000 டாலருக்குப் போனது. நம் வீட்டு வண்டிக்கு அவ்வளவு வராது. ஆனாலும் முதல் பில், பழைய சர்வீஸ் அட்டை, அப்பா வண்டியோடு நிற்கும் போட்டோ, கம்பெனி டூல் கிட் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வண்டியின் கதையை நிரூபிக்க அவைதான் உதவும்.

கழற்றிய சாமான்களும் அப்படித்தான். தீப்பொறி கொடுக்க உதவும் பழைய பாயின்ட் செட்டைக் கழற்றி எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடுவதை நான் எதிர்ப்பதில்லை, தினமும் ஓட்டுகிறவருக்கு அது நிம்மதி. பழையதைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள், பெட்டியில் போட்டு வையுங்கள். திரும்ப மாட்ட முடிகிற மாற்றம் பரவாயில்லை. டிஸ்க் பிரேக்குக்காக, முன்சக்கரத்தைத் தாங்கும் பழைய ஃபோர்க்கை வெட்டுவதும், வலது பக்க கியரை இடது பக்கம் மாற்ற வெல்டிங் வைப்பதும் வேண்டவே வேண்டாம்.

சட்டமும் இதையேதான் எதிர்பார்க்கிறது. 2021-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேஸிலும் இன்ஜினிலும் மாற்றம் இல்லாமல் பழைய வடிவத்திலேயே இருக்கும் வண்டிகளை வின்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பதிவு 10 வருடம் செல்லும். கண்காட்சி, ராலி போன்றவற்றுக்கு ஓட்டலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். 1989-க்கு முந்தைய மூன்றெழுத்து நம்பரோடு உள்ள வண்டிக்குத் தனி மரியாதை இருப்பதால், இது சின்ன விஷயம் இல்லை.

கடைசியாக ஆர்.சி. அது இன்னும் இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே இருக்கும் வீடுகள் ஏராளம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் சேர்த்துப் படிவம் 31-ல் விண்ணப்பித்து முதலில் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வாங்க ஆள் வந்த பிறகு இந்த வேலையைத் தொடங்கினால், அவர் அதுவரை காத்திருக்க மாட்டார்.