திரையில் தெரியும் வீட்டு விலையை எவ்வளவு நம்பலாம்?

2016 பிப்ரவரி கடைசியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு வீடு 10.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. மறுநாள் அதே வீட்டுக்கு ‘சில்லோ’ இணையதளம் காட்டிய மதிப்பு சுமார் 17.5 லட்சம் டாலர். வீட்டை விற்றவர் ஸ்பென்சர் ராஸ்காஃப், அப்போது சில்லோவின் தலைமைச் செயல் அதிகாரி.

இந்தச் செய்தியை எடுத்துக்காட்டி, இணைய மதிப்பீடே வீண் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த எண் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்று தெரிந்துகொண்டால் அது நல்ல கருவிதான். தெரியாமல் அதை நம்பி விலை பேச உட்கார்ந்தால் பல ஆயிரம் டாலர் கையைவிட்டுப் போகும்.

சில்லோ 2006-ல் இந்தச் சேவையைத் தொடங்கியது. ‘ஜெஸ்டிமேட்’ என்ற பெயரில் இன்று பத்துக் கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்க வீடுகளுக்கு மதிப்புச் சொல்கிறது. ரெட்ஃபின் உள்ளிட்ட வேறு தளங்களும் இதையே செய்கின்றன. இதற்காக யாரும் வீட்டுக்கு வந்து பார்ப்பதில்லை. சொத்துவரிப் பதிவேடு, பழைய கிரய விவரங்கள், ஏஜென்டுகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் விற்பனைப் பட்டியல், வீட்டுக்காரர் தானே ஏற்றிய தகவல் ஆகியவற்றைக் கணினி நிரல் படிக்கிறது. இந்தப் பகுதியில், இத்தனை சதுர அடியில், இத்தனை படுக்கையறையோடு, இவ்வளவு பழைய வீடு சமீபத்தில் என்ன விலைக்குப் போனது என்று லட்சக்கணக்கான விற்பனைகளிலிருந்து கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தை வைத்து, விற்காத வீட்டின் விலையையும் கணிக்கிறது. ஒரே நேரத்தில், ஒரே அச்சில் கட்டிய வீடுகள் வரிசையாக நிற்கும் குடியிருப்புகளில் இது நன்றாகவே பலிக்கும். நூறு வருடப் பழைய வீட்டின் பக்கத்தில் புது பங்களா நிற்கும் தெருவில் தடுமாறும்.

துல்லியம் பற்றி இந்த நிறுவனங்கள் சொல்லும் கணக்கைக் கவனமாகப் படிக்க வேண்டும். விற்பனைக்கு வராத வீடுகளுக்கு இடைநிலைப் பிழை ஏறக்குறைய 7 சதவீதம். விற்பனைக்கு வந்துவிட்ட வீடுகளுக்கு ஏறக்குறைய 2 சதவீதம். 7 சதவீதம் என்றதும், எந்த வீடானாலும் 7 சதவீதத்துக்கு மேல் தவறாது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். 5 லட்சம் டாலர் வீடுகளையே பார்ப்போம். அதில் 7 சதவீதம் 35,000 டாலர். பாதி வீடுகளுக்குப் பிழை இந்த 35,000-க்குள் இருக்கும். மீதிப் பாதிக்கு அதைத் தாண்டும். எவ்வளவு தாண்டும் என்பதை இடைநிலை எண் சொல்வதே இல்லை. உங்கள் வீடு எந்தப் பாதியில் இருக்கிறது என்பதும் அதில் தெரியாது. இன்னொன்று, இந்தப் பிழையை விற்பனையான வீடுகளில் மட்டும்தான் அளக்க முடியும். இருபது வருடமாகச் சந்தைப் பக்கமே வராத வீட்டின் மதிப்பீட்டைச் சரிபார்க்க வழியே கிடையாது.

சரி, வீட்டை விற்பனைக்குப் போட்டதும் 7 எப்படி 2 ஆகிறது? வீட்டுக்காரரும் ஏஜென்டும் அறை அறையாகப் பார்த்து, அக்கம்பக்கத்து விற்பனைகளை அலசி, ஒரு கேட்பு விலை வைக்கிறார்கள். நிரல் அந்த விலையையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. நேரில் பார்த்த மனிதர்களின் அறிவு அந்த எண்ணின் வழியாக மதிப்பீட்டுக்குள் வந்துவிடுகிறது. ஆனால் என்ன விலை வைக்கலாம் என்று தவிக்கும் வீட்டுக்காரருக்கு உதவி வேண்டியிருப்பது அதற்கு முன்புதான். அப்போது அவர் கையில் இருப்பது 7 சதவீதப் பிழையுள்ள எண்.

டெக்சஸ் மாநிலம் டாலஸைச் சுற்றியுள்ள ஊர்களில் நம்மவர்கள் நிறையப் பேர் வீடு வாங்கியிருக்கிறார்கள். அங்கே தரை, மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண். ஒரே வருடத்தில், ஒரே வரைபடத்தில் கட்டிய இரண்டு வீடுகள் அடுத்தடுத்து நிற்கின்றன என்று வையுங்கள். ஒன்றில் கதவு நிலையின் மேல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பியிருக்கிறது. முன்பு சுலபமாகச் சாத்திய படுக்கையறைக் கதவு இப்போது மேலே இடிக்கிறது. அஸ்திவாரம் அசைந்ததற்கான அறிகுறிகள் இவை. சரிசெய்யப் பல ஆயிரம் டாலர் ஆகும். பதிவேட்டில் இரண்டு வீடுகளும் ஒன்றுதான். 2019-லிருந்து சில்லோவின் நிரல் புகைப்படங்களையும் பார்க்கிறது. இருந்தாலும், படத்தில் வராத விரிசலை அது எப்படிப் பார்க்கும்? போதாக்குறைக்கு டெக்சஸில் விற்பனை விலையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டமும் இல்லை. பொதுப் பதிவேட்டில் விலையே இருக்காது. ஏஜென்டுகளின் பட்டியலில் வந்தால்தான் உண்டு.

நம் ஊரில் இப்படி ஒரு மதிப்பீட்டைக் கொண்டுவருவதற்கும் இதுதான் தடை. பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை ஒட்டி ஒரு தொகையை எழுதிவிட்டு, உண்மையில் வேறு தொகை கைமாறும் வழக்கம் இருக்கும்வரை, நிரல் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்?

இந்தக் கணிப்பை நம்பிப் பணம் போட்டால் என்னவாகும் என்பதற்குச் சில்லோவே சாட்சி. 2018-ல் வீடுகளைத் தானே வாங்கி விற்கும் தொழிலில் இறங்கியது. 2021 பிப்ரவரியில், சில நகரங்களில் ஜெஸ்டிமேட் தொகையையே முதல் விலையாகத் தரத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் அந்தப் பிரிவையே மூடுவதாக அறிவித்தது. வாங்கி வைத்திருந்த வீடுகளின் மதிப்பை அந்த ஆண்டின் ஜூலை–செப்டம்பர் காலாண்டில் மட்டும் 30 கோடி டாலருக்கு மேல் குறைத்து எழுத வேண்டியிருந்தது. ஊழியர்களில் சுமார் கால்வாசிப் பேருக்கு வேலை போனது. விலைகளின் போக்கை முன்கூட்டிக் கணிப்பது எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது என்பதே நிறுவனம் சொன்ன காரணம். இந்தத் தொழிலுக்குள் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நிரல் அதிக விலை சொன்ன வீட்டுக்காரர் சந்தோஷமாக விற்றுவிடுவார். குறைத்துச் சொல்லியிருந்தால் விற்க மாட்டார். பிழை இரு பக்கமும் சமமாக இருந்தாலும், வாங்குபவர் தலையில் விழுவது பெரும்பாலும் அதிக விலை வீடுகள்தான். விரிசலைப் பற்றி வீட்டுக்காரருக்குத் தெரியும், நிரலுக்குத் தெரியாது.

ஆகவே, வீடு வைத்திருப்பவர் முதலில் தன் வீட்டுப் பக்கத்தைத் திறந்து சதுர அடி, குளியலறை எண்ணிக்கை, கட்டிய ஆண்டு எல்லாம் சரியா என்று பார்க்கட்டும். தவறு இருந்தால் சில்லோவில் அவரே திருத்தலாம். பெரிய எழுத்தில் உள்ள ஒற்றை எண்ணைவிட, அதோடு தரப்படும் குறைந்தபட்ச, அதிகபட்ச விலை வரம்பைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வரம்பு அகலமாக இருந்தால் நிரலுக்கே உறுதி இல்லை என்று அர்த்தம். விற்கும் எண்ணம் வந்துவிட்டால், கடந்த ஆறு மாதத்தில் அக்கம்பக்கத்தில் விற்ற, தன் வீட்டைப் போன்ற வீடுகளின் விலைகளை இரண்டு மூன்று ஏஜென்டுகளிடம் தனித்தனியாகக் கேட்டு வாங்கலாம். பாகப்பிரிவினை, விவாகரத்து என்று ஒவ்வொரு டாலருக்கும் பதில் சொல்ல வேண்டிய இடத்தில், உரிமம் பெற்ற மதிப்பீட்டாளருக்குச் சில நூறு டாலர் கொடுப்பது வீண் செலவல்ல. அவர் நேரில் வந்து அளப்பார், அந்தக் கதவைச் சாத்திப் பார்ப்பார், எந்தெந்த வீடுகளோடு ஒப்பிட்டார், எதற்காக எவ்வளவு கூட்டினார், கழித்தார் என்பதை எழுத்தில் தருவார்.